படம் தெரியாமலே பதியுமோ?

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் பன்னிரண்டு வருடம் கணினிக் கடை வைத்திருந்தேன். அதற்கு முன்னர் ரேடியோ திருத்தினேன், ரேப் ரெக்கோடர் திருத்தினேன், இடம்பெயர்ந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாட வைத்தேன். இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் என்னிடம் கேட்ட கேள்விகளில் மிகச் சிறந்த கேள்வி ஒன்றுக்கு நான் சிரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது கடை நடத்துகிற பிள்ளைகள் அந்தப் பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. கடைக்கு வந்த கேள்வி

சனம் மீள்குடியேறி வந்து சில வருடம், மின்சாரக் கம்பி தர்மபுரம் பக்கம் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. தொலைக்காட்சி ஒன்று, பிள்ளைகளின் படிப்புக்குக் கணினி ஒன்று என்று இரண்டையும் வாங்க வசதியில்லாத வீடுகள் கணினியை மட்டும் வாங்கி, அதற்குள் ஒரு ரிவி கார்ட் போடச் சொல்வார்கள். ஒரே மொனிற்றரில் பகலில் பாடம் ஓடும், பின்னேரம் செய்தியும் நாடகமும் ஓடும். அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் ராசம்மா அக்கா வந்தார். நான் அவரைவிட மூத்தவன். ஆனாலும் கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் எனக்கு அக்காதான்.

"அண்ணை, ரிவியில போறதைக் கொம்பியூட்டருக்குள்ள பிடிச்சு வைக்க ஏலுமோ?"

"ஏலும் அக்கா. என்ன, நாடகமோ?"

"நாடகமில்லை. என்ர பிள்ளை வாறாள்."

அவருடைய மகள் துளசி பாடசாலை அறிவுப் போட்டி அணியில் இருந்தாள். மாவட்டத்தில் வென்று, மாகாணத்தில் வென்று, கொழும்பில் தொலைக்காட்சிக் கலையகத்துக்குப் போகப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நேரடி ஒளிபரப்பு, ஒரு மணித்தியாலம். மறு ஒளிபரப்பு இல்லை. எதையும் இணையத்தில் ஏற்றிவிடுகிற வழக்கம் அப்போது இங்கே வந்திருக்கவில்லை.

பதிவு யாருக்கு என்றால், தகப்பனுக்கு. மணியம் அண்ணை கட்டாரில் மேசன் வேலை. அவர் போகும்போது துளசிக்குப் பதினொரு வயது, இப்போது பதினைந்து. இடையில் ஒருமுறையும் வரவில்லை. அவருடன் ஒரே அறையில் இருக்கிற ஒருவர் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவில் வந்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறார். அவர் கையில் ஒரு டி.வி.டி. கொடுத்துவிட வேண்டும்.

"அந்தாள் போட்டோவில மட்டும்தான் பிள்ளையைப் பார்த்தவர்," என்றார் அக்கா. "அவள் கதைக்கிறதைப் பார்க்கட்டுமன்."

2. எதைப் பூட்டுவது

இன்று எச்.டி.எம்.ஐ வயரில் பிடிக்கிற சின்னப் பெட்டிகள் வந்துவிட்டன. பழைய ரிவி ரியூனர் கார்ட்களை யாரும் தேடுவதில்லை. ஆனாலும் தெரிவு செய்கிற முறை பெரிதாக மாறவில்லை, அதனால் சொல்கிறேன்.

அப்போது மூன்று வகை இருந்தன. ஒன்று, மொனிற்றரோடு கொழுவுகிற வெளி ரிவி பொக்ஸ். கணினியைப் போடாமலே படம் வரும், ஆனால் எதையும் பதியாது. "கொம்பியூட்டரில ரிவி" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இரண்டாவது, யூ.எஸ்.பி. குச்சி. கொண்டுதிரிய வசதி. ஆனால் எங்கள் வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அரைமணி நேரத்தில் தொட முடியாமல் சுடும். படம் உறைந்துவிடும். மூன்றாவது, மதர்போர்டில் குத்துகிற கார்ட்.

கார்டிலும் இரண்டு சாதி. தனக்கென்று ஒரு சிப் வைத்து, படத்தைத் தானே சுருக்கி ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்புவது ஒன்று. சுருக்குகிற வேலை முழுவதையும் புரொசஸர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது மற்றது. முதல் வகையைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், நாள் போதாது. என்னிடம் இருந்தது இரண்டாவது வகை. அதன் மென்பொருள் எழுதுகிற ஃபைலில் ஒரு குறை உண்டு. பதிவு முடிந்து ஒழுங்காக மூடினால்தான் அது முழு ஃபைல். நடுவில் மின்சாரம் அறுந்தால் ஓடாது.

இது எனக்குத் தெரியும். அதனால் யூ.பி.எஸ். ஒன்று சேர்த்தேன். ராம் கூட்டினேன். பதிவுக்கென்று தனி ஹார்ட் டிஸ்க் போட்டேன். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் அப்போது இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். பார்வையாளர் இருந்தால் எனக்கு விளக்கம் கொஞ்சம் நீளும்.

நான் முடித்த பிறகு அக்கா கேட்டார்:

"அண்ணை, படம் தெரியாமலே பதியுமோ? சத்தமும் இல்லாமல்?"

"படம் தெரியாட்டி என்னத்தையக்கா பதியிறது? இருட்டையோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, அதற்குமேல் கேட்கவில்லை.

பதில் மிக இலகுவானது. மொனிற்றர் வேறு, கணினி வேறு. மொனிற்றரின் பொத்தானை அமத்தி, ஸ்பீக்கரையும் நூர்த்து நிற்பாட்டிவிட்டால், வீட்டில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, கேட்காது. உள்ளே பதிவு தன்பாட்டில் நடக்கும். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க அதைவிடக் குறைவான நேரம்தான். எனக்கு அன்றைக்கு மண்டைக்கனம்.

3. இரண்டு வேலி

வியாழக்கிழமை தர்மபுரம் போய்ப் பொருத்தினேன். அன்ரனாவுக்கு நீளக் கம்பம் நட்டு பூஸ்ரர் வைத்தோம். பூஸ்ரரின் பிளக்கையும் யூ.பி.எஸ்ஸில்தான் கொழுவ வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது கணினி நிற்காது, படம் மட்டும் போய்விடும். யூ.பி.எஸ்ஸும் போட்டுவிட்டு இதை மறந்தவர்கள் எத்தனையோ பேர். நான் மறக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய திருப்தி.

ஞாயிறு மூன்று ஐம்பத்தைந்துக்குத் தானாகத் தொடங்கி ஐந்து பத்துக்குத் தானாக நிற்கும்படி நேரம் வைத்தேன். "நீங்கள் ஒண்டையும் தொடத் தேவையில்லை, போட்டபடி விடுங்கோ," என்றேன். "இடி மின்னல் எண்டால் மட்டும் யூ.பி.எஸ்ஸில இருக்கிற இந்தச் சுவிட்சை அமத்திப்போட்டு, பிளக்கைக் கழட்டுங்கோ." அக்காவுக்கு நான் காட்டிக்கொடுத்த ஒரே சுவிட்ச் அதுதான்.

கம்பம் நடும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்த வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவில் ஒரு வேலிக்குப் பதில் இரண்டு வேலி. இடையில் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் புல் முளைத்த நிலம்.

"இதென்னக்கா, ரெண்டு வேலி?"

"இவருக்கும் பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணைக்கும் பிரச்சினை. திரும்பி வந்து பார்த்தால் பழைய வேலிக் கதியால் ஒண்டும் இல்லை. எல்லை எங்க எண்டதில ரெண்டு அடி வித்தியாசம். ஆளாளுக்கு வேலி போட்டினம். அண்டையோட கதையில்லை. இவர் கட்டார் போகேக்கையும் சொல்லாமல்தான் போனவர்."

"நீங்களுமோ?"

"நாங்கள் பொம்பிளையள் கதைப்பம். கறி குடுப்பம், வாங்குவம். இவருக்குச் சொல்லுறேல்லை."

வேலிக்கு அப்பாலிருந்து இருமல் கேட்டது. நீண்ட, ஈரமான இருமல். அக்கா குரலைத் தாழ்த்தி, "செல்லையா அண்ணைதான். ஆசுப்பத்திரியில இருந்து துண்டு வெட்டி விட்டிட்டினம்," என்றார். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர்மார் அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். நான் பூஸ்ரர் வயரைச் சுற்றிக்கொண்டே "ஓ" என்றேன். கடையில் அவர் கேட்ட கேள்விக்கும் இந்த இருமலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

4. திங்கட்கிழமை வந்த ஓட்டோ

ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில் இருந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். துளசி நன்றாகச் செய்தாள். அணி இரண்டாம் இடம். வானத்தில் ஒரு முகில் இல்லை, மின்சாரமும் போகவில்லை. எல்லாம் பதிந்திருக்கும் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். கடையில் நாலு கார்ட் பெட்டியில் கிடந்தன. ஒன்றைப் பூட்டி நானும் ஒரு பிரதி எடுத்திருக்கலாம். என் வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

திங்கள் காலை கடை திறக்கும்போதே ஓட்டோவில் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வந்து இறங்கினார். கண் வீங்கியிருந்தது.

"அண்ணை, இதுக்குள்ள ஏதும் இருக்கோ பாருங்கோ."

"ஏன், என்ன நடந்தது? கரண்ட் போனதோ?"

"இல்லை. நான்தான் நூத்தனான்."

நிகழ்ச்சி தொடங்கிப் பதினைந்து நிமிடமளவில் பக்கத்து வீட்டில் குழறல் கேட்டிருக்கிறது. செல்லையா அண்ணை போய்விட்டார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் ரிவி, ரேடியோ எதுவும் போடமாட்டார்கள். போட்டிருந்தால் உடனே நிற்பாட்டுவார்கள். யாரும் வந்து சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அன்றைக்கு அந்த நிகழ்ச்சி ஓடாத வீடு இருந்திருக்காது, ஊர்ப் பிள்ளை வருகிற நிகழ்ச்சி. இரண்டு நிமிடத்தில் எல்லா வீடும் அமைதியாகிவிட்டது. அக்காவின் வீடுதான் முதலில். அவருக்குத் தெரிந்த சுவிட்ச் ஒன்றுதான். அதை அமத்திப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஓடியிருக்கிறார்.

"துளசி பொத்தானை அமத்திப்போட்டு வாயைத் துறக்கிறாள் அண்ணை. எனக்கு அவள் சொல்லுறதைக் கேக்கோணும்போல கிடந்தது. பக்கத்தில குழறிக் கேக்குது. என்னெண்டு இருக்கிறது? செத்தவீட்டுக்குப் பக்கத்தில ரிவி கத்திக்கொண்டிருக்க ஏலுமே?"

நான் பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றினேன். அக்கா கோபமே இல்லாமல் சொன்னார்:

"செல்லையா அண்ணை இண்டைக்கோ நாளைக்கோ எண்டுதானே இருந்தவர். அதுதான் உங்களை அண்டைக்குக் கேட்டனான், படம் தெரியாமலே பதியுமோ எண்டு."

வெட்கத்தில் காது சுட்டது. இருபது வருடத்துக்கு மேல் வயரோடும் ஈயத்தோடும் கிடந்தவன் நான். மின்வெட்டை யோசித்தேன், மின்னலை யோசித்தேன், வெயிலை யோசித்தேன். அக்கா யோசித்ததை நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்து என்னிடம் கொண்டுவந்து தந்ததையும் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

5. பதின்மூன்று நிமிடம்

மூடப்படாத ஃபைல் டிஸ்க்கில் கிடந்தது. எந்த பிளேயரிலும் ஓடவில்லை. அன்று முழுவதும் வேறு வேலை எடுக்காமல், அறுந்த ஃபைலைச் சரிபார்க்கிற ஒரு மென்பொருளால் துண்டு துண்டாக மீட்டேன். பின்னேரம் படம் அசைந்தது. விளம்பரத்தை வெட்டிவிட்டுப் பார்த்தால் பதின்மூன்று நிமிடம். துளசி தன் பெயரைச் சொல்கிறாள், ஊரைச் சொல்கிறாள், "அப்பா கட்டாரில் வேலை செய்கிறார்" என்கிறாள், இரண்டு கேள்விக்குச் சரியான விடை சொல்கிறாள். மூன்றாவது கேள்விக்குப் பொத்தானை அமத்தி, தலையை நிமிர்த்தி, வாயைத் திறக்கிறாள். அங்கே முடிகிறது.

தொலைக்காட்சி நிலையத்துக்கும் எழுதிப் பார்த்தேன். நேரடி நிகழ்ச்சிகளைச் சேமித்து வைப்பதில்லை என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை டி.வி.டி.யை எடுக்கத் துளசியே வந்தாள். கடை மொனிற்றரில் ஒருமுறை போட்டுக் காட்டினேன். கடைசிக் காட்சியில் சிரித்துவிட்டாள்.

"நல்ல இடத்திலதான் அம்மா நூத்திருக்கிறா. அதுக்குப் பிறகு நான் சொன்னது பிழை, மாமா."

"நானும் பார்த்தனான்," என்றேன்.

"அப்பா கேட்டால் சரியெண்டே சொல்லுங்கோ."

அவளுக்குப் பின்னால் அக்கா நின்றார். அவருக்கும் ஒரு வேண்டுகோள் இருந்தது. மகள் வீதிக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"அண்ணை, இவருக்கு நான் கரண்ட் போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டன். செல்லையா அண்ணைக்காக நிப்பாட்டினனான் எண்டு தெரிஞ்சால் மனுசன் என்ன சொல்லுமோ தெரியாது. தூரத்தில இருக்கிற ஆள், கோவிச்சுக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும். உங்களைக் கேட்டால் யூ.பி.எஸ். பழுதெண்டு சொல்லுங்கோ."

நான் விற்ற யூ.பி.எஸ். பழுது என்று நானே சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்னர் கேட்டிருந்தால் சண்டைக்கு நின்றிருப்பேன். "சொல்லுறன் அக்கா," என்றேன்.

6. கட்டாரிலிருந்து

இரண்டு கிழமை கழித்து ஒரு மதியம் கடைத் தொலைபேசி அடித்தது. டி.வி.டி. உறையில் கடை முத்திரை இருந்தது, மணியம் அண்ணை அதில் நம்பரைப் பார்த்து எடுத்திருக்கிறார். இருவரும் மலையகத்திலிருந்து வந்தவர்கள்; ராசம்மா அக்கா பேச்சில் எங்களைப் போலவே ஆகிவிட்டவர். மணியம் அண்ணை மட்டும் வன்னிக்கு வந்து முப்பது வருடமாகியும் மலையகப் பேச்சை விடவில்லை.

"கம்பியூட்டர் கடைங்களா? நான் துளசியோட அப்பா பேசுறேன்."

"சொல்லுங்கோ அண்ணை. டி.வி.டி. கிடைச்சதோ?"

"கெடைச்சிச்சுங்க. ரூம்ல எல்லாரும் பாத்தோம். புள்ள வளந்திருச்சு. குரல்கூட மாறிப்போச்சு. கடைசியில வாயத் தொறக்குது, அதோட நின்னுபோச்சே. வீட்ல கேட்டா கரண்ட் போச்சுங்கிறா. யூ.பி.எஸ். போட்டிருக்குன்னு முன்னாடி அவளே சொன்னா. அப்ப அது எதுக்குங்க?"

"யூ.பி.எஸ். பற்றரி பழுது அண்ணை. பார்க்காமல் தந்திட்டன். பிழை என்னில."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பொய் சொல்றீங்க, அண்ணே," என்றார் மெதுவாக.

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"செல்லையாண்ணன் மகன் லண்டன்ல இருக்கான். என் நம்பர யார்கிட்டயோ கேட்டு வாங்கிப் பேசுனான். அப்பா செத்தப்ப மொத ஆளா ஓடி வந்தது உங்க வீட்டு அக்காதான், மக ரிவில இருக்கிற நேரம் அத நிப்பாட்டிட்டு வந்தாங்கன்னு அவங்க அம்மா சொன்னாங்களாம். சொல்லிட்டு அழுதான்."

"ஓம் அண்ணை."

"ரெண்டு அடி நெலம். அதுக்கு நாலு வருசத்துக்கு மேல பேசல நானு. இங்க படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு நான் அங்க இருந்திருந்தா நிப்பாட்டியிருப்பேனான்னு. நிச்சயமா சொல்லத் தெரியலைங்க."

பிழை உண்மையிலேயே என்னுடையதுதான், அக்கா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் ரிவி இருண்டபடியே முழுவதும் பதிந்திருக்கும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதீங்க," என்றார். "எனக்காகப் பயந்து மறைக்கிறா. அவளுக்கு அது நிம்மதின்னா இருந்துட்டுப் போகட்டும். யூ.பி.எஸ். பழுதாவே இருக்கட்டும்."

வைப்பதற்கு முன் கேட்டார்: "நீங்க அன்னைக்கு ரிவில பாத்தீங்களா? அந்தக் கடைசிக் கேள்விக்குப் புள்ள சொன்னது சரிதானே?"

"சரி அண்ணை," என்றேன்.

7. இதற்குப் பிறகு

அதற்குப் பிறகு ரிவி பதிய வேண்டும் என்று வந்த எவருக்கும் கார்டைப் பற்றி முதலில் பேசியதில்லை. "எப்ப எப்ப நிப்பாட்டுவியள்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் கோயில் திருவிழாவுக்கு விரதமிருக்கும் நாட்களில் போடுவதில்லை என்றார். ஒருவர் பரீட்சை நேரத்தில் பிளக்கைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டிவிடுவேன் என்றார். நெளுக்குளத்திலிருந்து வந்த ஒருவர், மாமியார் வந்து நிற்கும் நாட்களில் ரிமோட் தன் கையில் இருக்காது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எந்தக் கார்ட், எத்தனை ராம் என்பதெல்லாம். மொனிற்றரின் பொத்தானை அவர்கள் கையாலேயே அமத்த வைத்து, இருண்ட திரைக்குப் பின்னால் பதிவு நடப்பதைக் காட்டாமல் யாரையும் அனுப்பவில்லை. வாடிக்கையாளர் கேட்பது விசர்க் கேள்விபோல இருந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

மணியம் அண்ணை அதற்கடுத்த வருடம் ஊருக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் தன் பக்கத்து வேலியைப் பிடுங்கினார் என்று கேள்விப்பட்டேன். கணவனும் மனைவியும் கரண்ட் விடயத்தைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊரையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

அந்த யூ.பி.எஸ். ஒருநாளும் பழுதானதில்லை. ஏழு வருடம் உழைத்தது. ஆனால் அக்கா சொன்ன கதை பரவி, அந்த ஒழுங்கை முழுவதும் என் பெயர் கெட்டதுதான். கடையை மூடும் வருடம்வரை அங்கிருந்து யாராவது வந்து, "அண்ணை, கொம்பியூட்டர் தாங்கோ, யூ.பி.எஸ். மட்டும் வேற இடத்தில வாங்கிறம். உங்கடை சரியில்லையாம்," என்பார்கள். ஓம், அது சரியில்லைத்தான் என்று சொல்லி, வேறு நல்ல கடைக்கு வழிகாட்டி அனுப்புவேன்.